ஊரணியிலும் கிணற்றிலும் குளிக்கிறவர்களுக்கு: அமீபா மூளைக்காய்ச்சலைத் தடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம் கடற்கரையில் கடல் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் நாம் குளித்து முடிப்பது நல்லதண்ணீரில்தான். கடலில் ஆடிவிட்டு வருகிற பிள்ளைகள் உடம்பில் ஒட்டிய உப்பு போக ஊரணியில் ஒரு முங்கு முங்கிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார்கள். தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை, சாயல்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் இதுதான் பழக்கம். இந்த வழிகாட்டி அந்த ஒரு முங்கைப் பற்றியது.

கேரளத்தில் 2016-ல் ஆலப்புழையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட அமீபா மூளைக்காய்ச்சல், 2024-க்குப் பிறகு அங்கே அடிக்கடி செய்தியாகிறது. 2025 செப்டம்பர் நடுப்பகுதி வரை, அந்த ஒரே ஆண்டில் 69 பேருக்கு நோய் வந்து 19 பேர் இறந்ததாக அம்மாநில சுகாதாரத் துறை சொன்னது. அந்தச் செய்தி நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்து சேரும்போது பாதி பயமாகவும் பாதி பொய்யாகவும் மாறிவிடுகிறது. "குழாய்த் தண்ணி குடிச்சாலே மூளையைத் தின்னுரும்" என்று ஒரு பக்கம். "அதெல்லாம் மலையாளத்துக்காரங்களுக்கு வர்ற நோய்" என்று இன்னொரு பக்கம். இரண்டுமே தவறு. நோய் மிக மிக அரிது. ஆனால் வந்துவிட்டால் பிழைப்பவர் மிகக் குறைவு. வரும் வழி ஒன்றே ஒன்று என்பதால் அதை அடைப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

அந்த வழி மூக்கு

கிருமியின் பெயர் நெக்லேரியா ஃபௌலெரி. கண்ணுக்குத் தெரியாத ஒருசெல் உயிர், அமீபா வகையைச் சேர்ந்தது. மண்ணிலும், சூடேறிய நல்லதண்ணீரிலும் வாழ்கிறது. அங்கே பாக்டீரியாக்களைத் தின்று பிழைக்கிற உயிர் அது. மனிதனைத் தேடி வருவது அதன் வேலையே கிடையாது. 46 டிகிரி செல்சியஸ் வரை சூடான தண்ணீரிலும் பெருகும். தண்ணீர் குளிர்ந்தாலோ இரை இல்லாமல் போனாலோ கூடுகட்டிக்கொண்டு அடிச் சேற்றில் கிடக்கும். சூடு வந்ததும் மறுபடி எழும்.

தண்ணீர் மூக்கில் வேகமாக ஏறும்போது இதுவும் சேர்ந்து மேலே போகிறது. மூக்கின் உச்சியில், மூளைக்கு அடியில், சல்லடைபோலத் துளைகள் உள்ள மெல்லிய எலும்பு ஒன்று உண்டு. மணத்தை உணரும் நரம்புகள் அந்தத் துளைகள் வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன. அமீபா அந்த நரம்பைப் பிடித்துக்கொண்டே ஏறி மூளையின் முன்பகுதியை அடைகிறது. அங்கே திசுக்கள் அழிகின்றன, மூளை வீங்குகிறது. பெரும்பாலும் அந்த வீக்கம்தான் உயிரைக் கொண்டுபோகிறது.

குடித்த தண்ணீர் வழியாக இந்த நோய் வராது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. நோயாளியைத் தொட்டாலும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும், இறந்தவரைக் குளிப்பாட்டினாலும் வராது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பயத்தில் நோயாளி வீட்டை ஒதுக்கிவைக்கிற ஊர்களில், அடுத்த நோயாளியின் வீட்டார் நோயை மறைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அமெரிக்காவில் 1962 முதல் 2023 வரை 164 பேருக்கு வந்தது. பிழைத்தவர் 4 பேர். கேரளத்தில் இறப்பு விகிதம் இதைவிடக் குறைவாகத் தெரிகிறது. அங்கே சந்தேகம் வந்த உடனே சோதிக்கிறார்கள், மருந்தைச் சீக்கிரம் தொடங்குகிறார்கள் என்பது ஒரு காரணம். அந்தக் கணக்கில் வேறு வகை அமீபாக்களால் வரும் மெதுவான நோயும் சேர்ந்திருக்கிறது என்பது இன்னொன்று. 2024-ல் கோழிக்கோடு மாவட்டத்தைச் சேர்ந்த 14 வயதுப் பையன் ஒருவன் பிழைத்து வீடு திரும்பினான். பெற்றோர் நோயின் பெயரைக் கேள்விப்பட்டிருந்தார்கள், குளித்த விஷயத்தை மருத்துவரிடம் சொன்னார்கள். இந்த வழிகாட்டியில் நான் அதிகம் எழுதப்போவதும் அதைப் பற்றித்தான்.

முதல் படி: நம் பக்கத்துத் தண்ணீரை இனம் பிரித்துப் பாருங்கள்

கடல்: நெக்லேரியா கடல் நீரில் வாழாது, உப்பு அதற்கு ஆகாது. தனுஷ்கோடியிலோ அக்னி தீர்த்தத்திலோ சேதுக்கரையிலோ கடலில் முங்குவதால் இந்த நோய் வராது. ஆனால் உவர்ப்பாக இருக்கிற கிணற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நாக்குக்கு உவர்ப்பது வேறு, கடலின் உப்பு வேறு.

ஊரணி, கண்மாய், குட்டை: ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய ஊரணி, சித்திரை வைகாசியில் முழங்காலளவு, இடுப்பளவு என்று சுருங்கிவிடும். ஆழம் குறையக் குறைய வெயில் அடிவரை இறங்கும். மதியம் காலை வைத்தால் வெந்நீர் மாதிரி இருக்கும் தண்ணீர், மேலே பச்சைப் பாசி, காலடியில் குழைசேறு. அமீபாவுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. பள்ளி விடுமுறையும் சரியாக அப்போதுதான் வருகிறது. மழைக்காலத்தில் ஆபத்து குறையும், முழுதாக நீங்கிவிடாது.

கிணறு: தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்து மணற்பாங்கான ஊர்களில் உறைக்கிணறுகள் ஆழம் குறைந்தவை. திறந்து கிடந்து, சருகு விழுந்து, நாள்கணக்கில் இறைக்காமல் விட்ட கிணறு ஊரணிக்கு ஒப்பானது. தினமும் இறைபடுகிற, மூடி போட்ட, குளோரின் போட்ட கிணறு எவ்வளவோ மேல்.

மொட்டைமாடித் தொட்டி: இதைத்தான் யாரும் நினைப்பதில்லை. கறுப்பு சிண்டெக்ஸ் தொட்டி நம் வெயிலில் நாள் முழுக்கக் காய்கிறது. உள்சுவரில் வழவழவென்று ஒரு படலம் படிந்திருக்கும். பாக்டீரியா வளர்வதும், அதைத் தின்னும் அமீபா ஒளிவதும் அதில்தான்.

குழாய்த் தண்ணீர்: இங்கே ஆஸ்திரேலியாவின் கதையைச் சொல்ல வேண்டும். இந்த நோயை 1965-ல் உலகுக்குச் சொன்னவர்கள் அடிலெய்டில் இருந்த மருத்துவர்கள் ஃபௌலரும் கார்ட்டரும். கிருமிக்கு ஃபௌலரின் பெயரே வைக்கப்பட்டது. தெற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட ஊர்களுக்கு வெகுதூரத்திலிருந்து தரைமேல் போட்ட குழாய்களில் தண்ணீர் வந்தது. வெயிலில் குழாய் காய்ந்து தண்ணீர் சூடானது, வழியிலேயே குளோரின் தீர்ந்தது, உள்ளே அமீபா வளர்ந்தது. தண்ணீரில் கிருமிநாசினி கடைசிவரை குறையாமல் பார்த்துக்கொண்டதும் அங்கே நோய் அடங்கிவிட்டது. நமக்கும் காவிரி கூட்டுக் குடிநீர் திருச்சிப் பக்கமிருந்து நெடுந்தூரம் வருகிறது. கடைக்கோடி ஊர்க் குழாயில் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று கேட்பது நியாயமான கேள்வி. பஞ்சாயத்தில் கேளுங்கள். குடிக்க அஞ்ச வேண்டாம். மூக்குக்குள் ஏற்றும்போது மட்டும் யோசியுங்கள்.

இரண்டாம் படி: இறங்குவதா வேண்டாமா

கரையில் நின்று முதலில் காலை நனைத்துப் பாருங்கள். தண்ணீர் சூடாக இருந்தால், அசையாமல் கிடந்தால், பாசி படர்ந்திருந்தால், ஆடுமாடு இறங்கிக் கலக்கியிருந்தால் அன்றைக்குத் தலை முங்கிக் குளிக்க வேண்டாம். கரையில் உட்கார்ந்து வாளியில் மொண்டு கழுத்துக்குக் கீழே ஊற்றிக்கொள்ளலாம்.

தெளிந்த தண்ணீர் என்றால் பயமில்லை என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. படிகாரமோ தேத்தாங்கொட்டையோ உரைத்துவிட்டால் கலங்கல் அடியில் போய்ப் படியும், கிருமி சாகாது. கண்ணாடி மாதிரித் தெளிந்த நீரிலும் அமீபா இருக்கலாம். ஊரணி முழுக்கக் குளோரின் கொட்டுவதும் பலிக்காது. சேறும் பாசியும் குளோரினைக் குடித்துவிடும், மீன்தான் செத்து மிதக்கும்.

மூன்றாம் படி: இறங்கினால் மூக்கை விடாதீர்கள்

பிள்ளைகளை ஊரணிக்கே போகாதே என்றால் நடக்காது. நம் வெயிலில் அது நியாயமும் இல்லை. ஆகவே இப்படிச் சொல்லிக்கொடுங்கள்.

கரையிலிருந்து குதிப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். காலை நேராக நீட்டிக் குதிக்கும்போது தண்ணீர் இரண்டு நாசியிலும் பீச்சியடித்து ஏறும். நெற்றிக்குள் சுரீரென்று எரியும். அந்த எரிச்சல் வந்தது என்றால் தண்ணீர் போகக்கூடாத இடத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். "டேய் தம்பி, குதிக்காம படியில இறங்கிப் போ. முங்குறதா இருந்தா மூக்கைப் பிடிச்சுக்க" என்று அம்மாவோ அண்ணனோ கரையில் நின்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கும். அலுக்காமல் சொல்லுங்கள்.

நீச்சல் வீரர்கள் மூக்கில் மாட்டும் கிளிப் விளையாட்டுச் சாமான் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது, விலையும் குறைவுதான். ஊரணியில் நீச்சல் பழகும் பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுங்கள். கிளிப் இல்லையென்றால் முங்கும்போது இரண்டு விரலால் மூக்கை இறுகப் பிடித்து, வெளியே வந்த பிறகே விட வேண்டும்.

ஆழம் குறைந்த இடத்தில் சேற்றைக் கிளறி விளையாடுவது, சேற்றை வாரி ஒருவர்மேல் ஒருவர் எறிவது, முகத்தில் தண்ணீர் வாரியடிப்பது எல்லாமே அடியில் கிடக்கும் கிருமியை மேலே கொண்டுவரும். வற்றும் கண்மாயில் மீன் அள்ளப் போகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். சேற்றில் கையை விட்டுத் துழாவும்போது முகம் தண்ணீருக்குப் பக்கத்திலேயே இருக்கும். தலையைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், சேற்றுக் கையால் மூக்கைத் துடைக்காதீர்கள்.

நான்காம் படி: கிணற்றுக்கும் தொட்டிக்கும் குளோரின்

இதைச் சரியாகச் செய்கிறவர்கள் குறைவு. பிளீச்சிங் பவுடரை ஒரு கை அள்ளிக் கிணற்றில் வீசிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். பவுடர் அப்படியே அடியில் போய்ச் சுண்ணாம்பாகப் படிகிறது, தண்ணீர் கடினமாவதுதான் மிச்சம்.

முதலில் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்று கணக்கிடுங்கள். கிணற்றின் குறுக்களவில் பாதியை மீட்டரில் எடுத்து அதையே அதனால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கினால் கன மீட்டர் வரும். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். 2 மீட்டர் குறுக்களவுள்ள உறைக்கிணற்றில் 3 மீட்டர் தண்ணீர் நின்றால், 1 × 1 × 3.14 × 3, அதாவது 9.42 கன மீட்டர். கிட்டத்தட்ட 9,400 லிட்டர்.

நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது வழக்கமான அளவு. மேலே சொன்ன கிணற்றுக்கு 24 கிராம் வரும். நீண்ட நாள் கிடந்த கிணறு, வெள்ளநீர் இறங்கிய கிணறு, நோய்ச் சந்தேகம் உள்ள கிணறு என்றால் இரட்டிப்பு, 1,000 லிட்டருக்கு 5 கிராம். கண் மதிப்பில் போடாதீர்கள். மளிகைக் கடைத் தராசில் நிறுத்து வாங்குங்கள்.

பவுடர் நல்லதா என்று மூக்கே சொல்லும். மூடியைத் திறந்ததும் நெடி ஏற வேண்டும். நம் கடற்காற்றின் ஈரத்தில் திறந்துவைத்த பவுடர் சீக்கிரம் கட்டிதட்டி, நெடி போய், வெறும் சுண்ணாம்பாகிவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் நிழலில் வையுங்கள். இரும்பு டப்பா ஆகாது.

ஒரு பிளாஸ்டிக் வாளியில் பவுடரைப் போட்டுக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு மாவு கரைப்பதுபோல் கட்டி இல்லாமல் குழைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம். பிறகு முக்கால் வாளி தண்ணீர் சேர்த்துக் கலக்கி, 10 நிமிடம் அசைக்காமல் விடுங்கள். வெள்ளையாக அடியில் படியும், மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். அந்தத் தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் சாய்த்துக்கொண்டு, அடிச் சுண்ணாம்பைத் தூரக் கொட்டிவிடுங்கள். தெளிவு உள்ள வாளியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுத் தண்ணீருக்குள் இறக்கி மேலும் கீழுமாக நன்றாக அலசுங்கள். ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. மாலையில் போட்டுவிட்டுக் காலையில் இறைப்பது இன்னும் நல்லது. கையில் காயம் இருந்தால் உறை போட்டுக்கொள்ளுங்கள், காற்றடிக்கும் பக்கத்துக்கு முதுகு காட்டி நில்லுங்கள்.

ஒரு மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும். ஊராட்சித் தொட்டி இயக்குபவரிடம் இதைச் சோதிக்கும் சிறு பெட்டி இருக்கும்; சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். நிறமே வராவிட்டால் மறுபடி போட வேண்டும்.

மொட்டைமாடித் தொட்டிக்கு: முழுக்க வடித்துவிட்டு, உள்சுவரையும் அடியையும் நார் பிரஷ்ஷால் தேய்த்து அந்த வழவழப்பு போகும்வரை கழுவுங்கள். தேய்க்காமல் மருந்து மட்டும் ஊற்றினால் படலத்துக்குள் இருப்பது தப்பித்துக்கொள்ளும். பிறகு நிரப்பி, 1,000 லிட்டர் தொட்டிக்கு 5 கிராம் பவுடரின் தெளிவை ஊற்றி, எல்லாக் குழாயையும் நெடி வரும்வரை திறந்து மூடி, ஒரு இரவு விட்டு, மறுநாள் திறந்துவிடுங்கள்.

ரிசார்ட்டிலோ விடுதியிலோ நீச்சல் குளத்தில் இறங்குகிறவர்கள் குளோரின் அளவு எழுதிய பலகையைக் கேட்கலாம். லிட்டருக்கு 1 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். பச்சை நிறம் தட்டிய குளத்தில் இறங்க வேண்டாம்.

ஐந்தாம் படி: தெரிந்தே மூக்கில் தண்ணீர் விடும் நேரங்கள்

பாகிஸ்தானின் கராச்சியில் இந்நோய்க்குப் பலியான பலர் நீச்சலே அடிக்காதவர்கள். குழாய்த் தண்ணீரால் ஒளு (தொழுகைக்கு முன் முகம், மூக்கு, கைகால் கழுவுவது) செய்தபோது மூக்கில் ஏறியதே காரணமாகக் கருதப்பட்டது. 2011-ல் அமெரிக்காவின் லூசியானாவில் இருவர் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவி இறந்தார்கள்.

கீழக்கரை, தொண்டி, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கம் நாளைக்கு ஐந்து வேளை ஒளு செய்கிறவர்கள் ஏராளம். தண்ணீரை ஆழமாக உறிஞ்சி ஏற்றாமல், நாசியின் முன்பகுதியை மட்டும் மென்மையாக நனைத்துச் சிந்தினாலே ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். வீட்டில் செய்கிறவர்கள் மூக்குக்கு மட்டும் கொதித்து ஆறிய தண்ணீரை ஒரு செம்பில் தனியாக வைத்துக்கொள்ளலாம். வாப்பாவோ உம்மாவோ வயதானவர் என்றால் பிள்ளைகள் அதை எடுத்து வைத்துவிடுங்கள். ஒளு செய்யும் பள்ளிவாசல் நீர்த்தொட்டியான ஹவுளைப் பொறுத்தவரை ஜமாஅத்தார்தான் முன்னின்று வடித்துத் தேய்த்துக் குளோரின் பார்க்க வேண்டும்.

சைனஸ் தொந்தரவுக்கு மூக்கு கழுவுகிறவர்கள், யோகாவில் நேத்தி (ஒரு நாசியில் தண்ணீர் விட்டு மறு நாசி வழியாக வடிப்பது) செய்கிறவர்கள்: தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடமாவது நின்று, மூடிவைத்து ஆற வேண்டும். கேன் தண்ணீர் நேரடியாக ஆகாது. அது குடிக்கத்தான், அதையும் கொதிக்க வையுங்கள். கழுவும் பாத்திரத்தையும் அதே தண்ணீரால் அலசிக் காயவையுங்கள்.

கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது கவனம். கால்மேல் படுக்கவைத்து முகத்தில் தண்ணீர் அடித்து, சளி வர மூக்கில் ஊதுகிற பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. கேரளத்தில் 2025-ல் இறந்தவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்மேல்தான் சந்தேகம் விழுந்தது. குழந்தைக் குளியலுக்குக் காய்ச்சிய தண்ணீரை ஆறவைத்தே ஊற்றுங்கள், பச்சைத் தண்ணீர் கலக்க வேண்டாம். முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். மூக்கில் ஊத வேண்டாம்.

தீர்த்தமாடுகிறவர்களும் சபரிமலை போகிறவர்களும்

ராமேஸ்வரம் கோயிலின் 22 தீர்த்தங்களிலும் வாளியால் மொண்டு தலையில் ஊற்றுவார்கள். பக்தியில் முகத்தை நிமிர்த்தி நிற்பவர்கள்தான் அதிகம். தலையைக் குனிந்து, மூக்கை விரலால் பிடித்து நின்றால் போதும். தீர்த்தம் தலையில் விழுந்ததாகவே இருக்கும். அந்தக் கிணறுகளில் ஏதோ இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. நாள்தோறும் இறைபடும் கிணறுகள் அவை. எந்த நல்லதண்ணீர் என்றாலும் மூக்கைக் காப்பது ஒரு பழக்கமாகட்டும் என்றுதான் சொல்கிறேன்.

நம் மாவட்டத்திலிருந்து கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டுக் கிளம்புகிற சாமிகள் பம்பையிலும் வழியில் தென்படும் குளங்களிலும் முங்குவார்கள். ஆற்றில் குளிக்கும்போது மூக்கில் தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொள்ளும்படி கேரள சுகாதாரத் துறையே 2025-ல் பக்தர்களுக்குச் சொன்னது. குருசாமிகள் கிளம்பும் முன் கன்னிச்சாமிகளுக்கு இதை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நல்லது. ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால் பம்பையில் குளித்ததை மருத்துவரிடம் சொல்லவும் மறக்க வேண்டாம்.

ஆறாம் படி: குளித்த நாளைக் கணக்கு வையுங்கள்

மூக்கில் தண்ணீர் ஏறியவுடன் நோய் வந்துவிட்டதாகப் பதற வேண்டாம். நல்லதண்ணீரில் குளிப்பவர்கள் கோடிக்கணக்கானவர்கள். நோய் வருவது விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்கு. அதற்கென்று முன்கூட்டியே போட்டுக்கொள்ள மாத்திரையும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. செய்ய வேண்டியது 12 நாள் கவனிப்பு. குளித்த 1 முதல் 12 நாளுக்குள், பெரும்பாலும் ஐந்தாம் நாள்வாக்கில் அறிகுறி தொடங்கும்.

முதலில் நெற்றியைப் பிளக்கும் தலைவலி, காய்ச்சல், குமட்டல், வாந்தி. சிலருக்கு வாசனை மாறித் தெரியும். இந்தக் கட்டத்தில் சாதாரணக் காய்ச்சலிலிருந்து பிரித்தறிய முடியாது. பிறகு கழுத்து விறைக்கும். தாடையை மார்பில் தொட முடியாது. வெளிச்சம் பார்த்தால் கண் கூசும். பேச்சு குழறும், இல்லாததைப் பார்த்ததாகச் சொல்வார்கள், வலிப்பு வரும், நினைவு தப்பும். பேசத் தெரியாத குழந்தை என்றால் பால் குடிக்காது, தூக்கினால் வீரிட்டு அழும், அல்லது தூங்கிக்கொண்டே இருக்கும்.

அறிகுறி தொடங்கிய பிறகு இறந்தவர்களில் பாதிப் பேர் ஐந்து நாளுக்குள் போய்விட்டார்கள். ஆகவே மெடிக்கலில் மாத்திரை வாங்கி இரண்டு நாள் பார்ப்போம், பார்வை பார்த்து மந்திரித்துவிட்டு வருவோம் என்பதற்கு இங்கே நேரமே இல்லை. தலைவலி, காய்ச்சல், வாந்தி மூன்றும் சேர்ந்து வந்து, கடந்த 12 நாளுக்குள் நல்லதண்ணீரில் முங்கியிருந்தால், அன்றைக்கே மருத்துவமனை.

ஏழாம் படி: மருத்துவரிடம் சொல்ல வேண்டியது

இந்த நோயை மருத்துவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் அறியாமையால் நடப்பதில்லை. நாம் குளித்ததைச் சொல்லாததால் நடக்கிறது. முகத்தைப் பார்த்தோ ரத்தச் சோதனையிலோ தெரியாது. முதுகுத்தண்டு நீரைச் சோதித்தாலும் சாதாரண பாக்டீரியா மூளைக்காய்ச்சல் மாதிரியே இருக்கும்: வெள்ளணு கூடியிருக்கும், சர்க்கரை குறைந்திருக்கும், புரதம் ஏறியிருக்கும். பாக்டீரியா மட்டும் அகப்படாது. குளித்த கதை தெரிந்த மருத்துவர்தான் அந்த நேரத்தில் அமீபாவைத் தேடச் சொல்வார்.

இப்படிச் சொல்லுங்கள்: "டாக்டர், பையன் போன சனிக்கிழமை ஊரணியில குதிச்சுக் குளிச்சான். மூக்குல தண்ணி ஏறிருச்சு. நேத்துலேர்ந்து தலைவலி, காய்ச்சல், நாலு தடவை வாந்தி. கேரளாவுல சொல்றாங்களே, அந்த அமீபாக் காய்ச்சலா இருக்குமான்னு பாத்துருங்க." எந்த நாள், எந்த ஊர்த் தண்ணீர், முங்கினானா குதித்தானா, மூக்கில் ஏறியதா, எப்போது காய்ச்சல் தொடங்கியது என்ற ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். வேறு மருத்துவமனைக்கு அனுப்பினால் அந்தத் தாளும் கூடவே போகட்டும். பணியாளர்கள் மாறும்போது காணாமல் போவது இந்தச் செய்திதான். கேட்டால் திட்டுவார்களோ என்று தயங்காதீர்கள்.

முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும் என்பார்கள். நம் பக்கம் இதற்குப் பயந்து கையெழுத்துப் போட மறுக்கிறவர்கள் உண்டு. கால் விளங்காமல் போய்விடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். தண்டுவடம் முடிந்த பிறகுள்ள கீழ்முதுகில்தான் அந்த ஊசியைப் போடுகிறார்கள். மூளைவீக்கச் சந்தேகம் இருந்தால் முதலில் ஸ்கேன் பார்ப்பார்கள். இந்த நோயை உறுதிசெய்ய அந்த நீர்தான் வேண்டும். தாமதிக்காமல் சம்மதியுங்கள்.

எடுத்த நீரை ஐஸில் வைக்காமல் சூடு ஆறுமுன் ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் அமீபா நகர்வது தெரியும். குளிரவைத்தால் அசைவு நின்றுவிடும், அசையாததை வெள்ளணு என்று நினைத்துவிட இடமுண்டு. பிறகு கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையில் எந்த வகை என்று உறுதியாகும். முடிவு வரும்வரை காத்திராமல் சந்தேகத்திலேயே மருந்தைத் தொடங்குவதுதான் முறை: ஆம்ஃபோடெரிசின் பி, மில்டெஃபோசின், அசித்ரோமைசின், ஃப்ளுகோனசோல், ரிஃபாம்பிசின் எல்லாம் சேர்த்து, மூளைவீக்கத்துக்கு டெக்சாமெத்தசோன். மில்டெஃபோசின், காலா அசார் என்ற ஒட்டுண்ணிக் காய்ச்சலுக்கான மருந்து, எல்லா மருத்துவமனையிலும் கையிருப்பில் இராது. 2013-ல் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி பிழைத்தாள். அறிகுறி தொடங்கி ஒன்றரை நாளுக்குள் நோயைக் கண்டுபிடித்து இந்த மருந்துகளோடு உடம்பையும் குளிர்வித்து மூளைவீக்கத்தை அடக்கினார்கள்.

தீவிலோ கடைக்கோடிக் கடற்கரை ஊரிலோ இருப்பவர்கள் 108-ஐ உடனே அழையுங்கள். ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை நூறு கிலோமீட்டருக்கு மேல். வழியில் வலிப்பு வரலாம் என்பதால் இரவல் காரில் கிளம்பாமல் ஆம்புலன்ஸில் போவதே சரி. சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அகாந்தமீபா என்ற வேறு அமீபா வாரக்கணக்கில் மெதுவாக மூளையைப் பாதிக்கும். அது நுரையீரல் வழியாகவோ தோல் புண் வழியாகவோ நுழையலாம். நோய் எதிர்ப்பு குறைந்தவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். ஆறாத புண் உள்ளவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் ஊரணியில் இறங்காமல் இருப்பதே நல்லது. கான்டாக்ட் லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் இதே அமீபா கண்ணைக் கெடுக்கும்.

ஊராகச் சேர்ந்து செய்ய வேண்டியது

ஊரணியில் தண்ணீர் வற்றும் பங்குனிக்குள் சேற்றை அள்ளிக் கரை கட்ட கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். ஆடுமாடு இறங்கும் துறையைத் தனியாக்குங்கள். குளிக்கும் படித்துறையில், சிறுவர்கள் வாசிக்கிற உயரத்தில், பெரிய எழுத்தில் ஒரு பலகை வையுங்கள்: "குதிக்காதே. முங்கும்போது மூக்கைப் பிடி. 12 நாளுக்குள் தலைவலி, காய்ச்சல், வாந்தி வந்தால் குளித்ததை டாக்டரிடம் சொல். 108." பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடும் கடைசி வாரத்தில், காலைக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் மூக்கைப் பிடித்துக் காட்டி இதைச் சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். பொதுக்கிணற்றுக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் எந்தத் தேதியில் எத்தனை கிராம் குளோரின் போட்டோம், ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு மிச்சம் இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதி, அதைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் யார் கேட்டாலும் பார்க்கும்படி வைக்கச் சொல்லுங்கள்.